பணம் எடுக்க வரி கேட்கிறார்களா?

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். பத்து வருஷமாக அவருக்கு நான்தான் ரிட்டர்ன் போடுகிறேன். "ஆடிட்டர் சார், ஷேர்ல 46 லட்சம் லாபம். 20 பர்சென்ட் டாக்ஸ் கட்டினாத்தான் பணத்தை எடுக்க முடியுமாம், கட்டிடட்டுமா?" என்று போனை நீட்டினார்.

பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எல்லாம் ஆப்பிலேயே இருக்கு என்றார். இது மோசடி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, முதலில் போட்ட பத்தாயிரத்தைப் பன்னிரண்டாயிரமாகத் திருப்பிக் கொடுத்து, அந்த நம்பிக்கையில் 11 லட்சம் வரை கறந்திருக்கிறார்கள். அந்த 20 சதவீதத்தில்தான் அவர் விழுந்தார், ஏனென்றால் பட்டியலிட்ட பங்குகளைக் குறுகிய காலத்தில் விற்ற லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் உண்மையான வரியே 20 சதவீதம்தான், கூகுளில் தேடினாலும் அதுதான் வரும். ஆனால் இந்தியாவில் வசிப்பவரிடம் அந்த வரியை எந்த புரோக்கரும் வசூலிப்பதில்லை. நாமே வருமான வரித் தளத்தில், நம் பான் எண்ணில் சலான் போட்டுக் கட்டுவது அது. இங்கே பணம் போக வேண்டியதோ ஏதோ ஒரு 'டிரேடர்ஸ்' பெயரில் இருந்த கரன்ட் அக்கவுண்டுக்கு!

பங்கு நிஜமாகவே வாங்கியிருந்தால், டீமேட் பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் நிறுவனங்களான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் அனுப்பும் ஸ்டேட்மென்டில் இருக்கும். அதில் இல்லையென்றால் ஆப்பில் ஓடும் எண் வெறும் படம்தான்.

கடைசித் தவணை முந்தின நாள் போயிருந்தது. அங்கேயே உட்காரவைத்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்தோம், அந்தத் தொகையில் கொஞ்சம் முடக்கப்பட்டது. மற்றது கணக்கு கணக்காகத் தாண்டிப் போய்விட்டது.

சரி, அதோடு முடியவில்லை. கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு என்று ஆதார், பான், முகத்தைத் திருப்பித் திருப்பி எடுத்த வீடியோ எல்லாம் கொடுத்திருக்கிறார். அதை வைத்து அவர் பெயரில் கடன் வாங்கலாம், சிம் எடுக்கலாம், ஜிஎஸ்டி பதிவே கூட வாங்கலாம். ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்தோம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் பெயரில் உள்ள சிம்களைப் பார்த்தோம், ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினோம். நம் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கடன் அறிக்கையை, அதைத் தயாரிக்கும் சிபில் போன்ற ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரும், அதையும் எடுத்தோம். இப்போதைக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க என் டைரியில் குறித்திருக்கிறேன், அவர் பான் எண்ணில் பதிவான வருமானம், பரிவர்த்தனைகளைக் காட்டும் வருமான வரியின் ஏஐஎஸ் அறிக்கையையும் சேர்த்து.

இரண்டு வாரம் கழித்து அவருக்கு ஒரு போன், 25,000 ரூபாய் ஃபீஸ் கட்டினால் போன பணத்தை மீட்டுத் தருவார்களாம். இந்தத் தடவை கட்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்.