குடிக்கக் கேன் தண்ணீர், சமைக்கப் போர் தண்ணீர்: பல்லுக்கு இது போதாது

தருமபுரியில் பல் மருத்துவம் பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது: "கேன் தண்ணிதான் டாக்டர் குடிக்கிறோம். அப்புறம் எப்படிப் பையன் பல்லு காவி ஏறுச்சு?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "களி எந்தத் தண்ணியிலம்மா கிண்டுறீங்க?"

"போர் தண்ணியிலதான்."

சிக்கலே அங்குதான். பல்லில் காவி ஏற்றுவது போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு. 20 லிட்டர் கேனைச் சமையலுக்கும் செலவழிக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் களிக்கு உலை வைக்கிற தண்ணீர் முழுவதும் வயிற்றுக்குள்தான் போகிறது. சோறு, பருப்பு, டீ, பிள்ளைக்குக் கரைக்கிற பால் பவுடர் எல்லாமே அப்படித்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆக, மிச்சத்தில் அது இன்னும் கெட்டிப்படும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பூமிக்கடியில் இருப்பது கடினப் பாறை. அதிலிருந்து கரையும் ஃப்ளோரைடு போர் தண்ணீரில் ஏறுகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். இங்கே பல ஊர்களில் அந்த அளவைத் தாண்டியதால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013 முதல் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது.

முன்பல்லின் எனாமல் உருவாவது, குழந்தை தவழ்ந்து நடந்து திரியும் முதல் மூன்று நான்கு வருடங்களில், ஈறுக்குள்ளே. கறை கண்ணுக்குத் தெரிவதோ ஆறேழு வயதில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது. அதற்குள் காரியம் முடிந்திருக்கும். கிளீனிங் செய்தாலும் அந்தக் கறை போகாது. சாம்பலும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தால் எனாமல்தான் தேயும், தயவுசெய்து வேண்டாம். வருடக்கணக்கில் அதிக ஃப்ளோரைடு சேர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

"ஒகேனக்கல் தண்ணியில பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்குதே" என்பார்கள். அந்தக் குளோரின் குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும், வழியில் கிருமி சேராமல் காப்பது அதுதான். அகலமான பாத்திரத்தில் பிடித்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, சில மணி நேரம் வைத்தால் வாடை அடங்கிவிடும். கடை வாசல் வெயிலில் காய்ந்த கேனுக்கு இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குழாயில் வருவதெல்லாம் ஒகேனக்கல் தண்ணீர் என்று நம்பிவிடக் கூடாது. ஆற்றுத் தண்ணீர் குறையும்போது அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரும் ஏற்றுவதுண்டு. எந்த நாளில் எது என்று டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும், கேளுங்கள். ஊராட்சியில் பரிசோதனைப் பெட்டி இருந்தால், மருந்து விட்டதும் தெரியும் இளஞ்சிவப்பு, ஃப்ளோரைடு கூடக்கூட மஞ்சளுக்கு மாறும். சரியான அளவு வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அது ஃப்ளோரைடைப் பெருமளவு குறைக்கும். வெறும் கேண்டில் ஃபில்டரும் யுவி விளக்கும் குறைக்காது.

ஆற்றுத் தண்ணீர் கொஞ்சமாகத்தான் வருகிறதென்றால் முதல் குடம் பால், கஞ்சிக்கு. அடுத்தது குடிக்கவும் உலைக்கும். குளிக்க, துவைக்கப் போர் தண்ணீரே போதும், தோல் வழியாக ஃப்ளோரைடு ஏறாது.