டிரைவர்லெஸ் ரயில்: ஓட்டுநர் இல்லாதது வேறு, ஆளில்லாதது வேறு

டிரைவர்லெஸ் என்ற சொல் மெட்ரோவுக்கு முன்பே கோயமுத்தூர் வந்து சேர்ந்துவிட்டது. அவிநாசி சாலையிலும் சத்தி சாலையிலும் போடுவதாக இருந்த மெட்ரோ திட்டத்தை, மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்று சொல்லி 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. அது என்றைக்கு வருமோ. ஆனால் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு டிரைவர் இல்லாத ரயில்கள் வந்து இறங்கும் செய்தியை இங்கேயும் எல்லாரும் படிக்கிறோம். அந்தச் செய்திகளில் ஒரே வண்டிக்கு மூன்று பெயர்: ஓட்டுநர் இல்லா ரயில், ஆளில்லா ரயில், தானியங்கி ரயில். மூன்றும் ஒன்று என்று நினைத்துத்தான் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஒன்றல்ல.

முதலில் டிரைவர். 'டிரைவ்' என்பது பழைய ஆங்கிலத்தில் முன்னே விட்டு விரட்டுவதைக் குறித்த சொல். மாட்டை விரட்டியவரும், குதிரை வண்டியைச் செலுத்தியவரும் டிரைவர்தான். பிறகுதான் அந்தப் பெயர் எந்திரத்துக்குப் போனது. தமிழில் ஓடு என்பதன் பிறவினை ஓட்டு, அதாவது ஓடச் செய்வது. ஆடு ஆட்டு, கூடு கூட்டு போல. கொங்குப் பக்கம் இந்த ஓட்டுக்கு எல்லை பெரிது. ஆடு ஓட்டுவோம், ஏர் ஓட்டுவோம், பஸ் ஓட்டுவோம். சோமனூர், பல்லடம் பக்கம் போனால் விசைத்தறியும் ஓட்டுவார்கள். தறி இருந்த இடத்தை விட்டு அசையாது, அதன் மேல் யாரும் உட்காருவதும் இல்லை. ஒருவரே பல தறிகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருப்பார். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும். நூலைச் சரிசெய்து மறுபடி ஓட விடுவார். தறி தானாக ஓடுகிறது, ஆனால் ஆள் இல்லாமல் ஓடவில்லை. ரயில் விஷயத்தில் நமக்கு வேண்டிய வேறுபாடும் இதுதான்.

நகர ரயில்களின் தானியக்கத்தை உலகம் முழுவதும் 0 முதல் 4 வரை படி வைத்துப் பிரிக்கிறார்கள். 0, 1 இரண்டிலும் ஓட்டுவது மனிதர்தான். இரண்டாம் படியில் வேகம் எடுப்பதும் நிறுத்துவதும் கணினி. ஓட்டுநர் முன்னறையில் இருந்து கதவையும் பாதையையும் பார்த்துக்கொள்வார். லண்டனின் விக்டோரியா தடம் 1968-லேயே இப்படி ஓடியது. மூன்றாம் படியில் முன்னறையில் ஓட்டுநர் கிடையாது. ஆனால் வண்டிக்குள் ஓர் உதவியாளர் இருப்பார். நான்காம் படியில் அவரும் இல்லை. புறப்பாடு, கதவு, கோளாறு எல்லாம் கட்டுப்பாட்டு அறையிலிருந்தும் வண்டியின் கணினியாலும் நடக்கும். பிரான்சில் லீல் நகர மெட்ரோ 1983-லேயே ஆளில்லாமல் ஓடத் தொடங்கிவிட்டது.

டெல்லியின் மெஜந்தா தடத்தைப் பாருங்கள். 2020 டிசம்பர் 28 அன்று நாட்டின் முதல் டிரைவர்லெஸ் ரயில் என்று அதைத் தொடங்கி வைத்தார்கள். அதற்காக மெட்ரோ விதிகளைக்கூடத் திருத்த வேண்டியிருந்தது. ஆனால் அப்போது வண்டிக்குள் உதவியாளர் இருந்தார். 2024-ல்தான் அவரும் இறங்கினார். நான்கு ஆண்டுக்கு இடையில் நடந்த அந்த மாற்றத்தைச் சொல்ல 'டிரைவர்லெஸ்' என்ற ஒற்றைச் சொல் போதாது.

வண்டி வாங்கும்போது இது வெறும் சொல் தகராறு அல்ல. டிரைவர் சும்மா உட்கார்ந்திருப்பவர் இல்லையே. சேலை முந்தானை கதவில் மாட்டியிருக்கிறதா, தண்டவாளத்தில் ஏதாவது கிடக்கிறதா, புகை வருகிறதா என்று பார்ப்பவர். அவரை எடுத்தால் அவர் கண்ணுக்கும் கைக்கும் ஈடாகக் கருவி வைக்க வேண்டும்: முன்பக்கம் தடை உணரும் கருவி, கதவு உணரிகள், பெட்டிக்குள் கேமரா, பயணி கட்டுப்பாட்டு அறையோடு பேச ஒரு பொத்தான், நடைமேடையில் கண்ணாடித் தடுப்புக் கதவு. ஒப்பந்தப்புள்ளி கேட்கும்போதே எந்தப் படி என்று எழுதாவிட்டால் வேறு வண்டிதான் வந்து நிற்கும். சென்னைக்கு மூன்று பெட்டி ரயில்கள் 26 செய்து தர 2022-ல் அல்ஸ்டோம் என்ற ரயில் தயாரிப்பு நிறுவனம் ஒப்பந்தம் பெற்றது. ஸ்ரீசிட்டி ஆலையில் செய்த முதல் ரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்தது. வந்த பிறகும் மாதக்கணக்கில் சோதனை ஓட்டம்.

சரி, தமிழில் எதை எழுதலாம்? தானியங்கி என்பது இரண்டாம் படிக்கும் பொருந்தும், நான்காம் படிக்கும் பொருந்தும், பொதுப்பெயராக இருக்கட்டும். மூன்றாம் படிக்கு ஓட்டுநர் இல்லா ரயில். நான்காம் படிக்கு ஆளில்லா ரயில். இதில் ஒரு சங்கடம், பயணிகளே ஏறாத காலி வண்டி என்றும் அர்த்தமாகும். ஆளில்லா லெவல் கிராசிங்கில் வராத குழப்பம் இங்கே வரும். பணியாளரில்லா ரயில் என்றால் அந்தச் சந்தேகம் இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கிறது.

புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று வருகிறது. வலவன் தேர்ப்பாகன், பாகன் செலுத்தாமலே வானத்தில் போகும் ஊர்தி. நல்வினை செய்து முடித்தவர்கள் போய்ச் சேரும் வாகனம் அது. இதைக் காட்டி அன்றே நம்மிடம் இருந்தது என்று மார்தட்டுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பாட்டு பேசுவது மறுமையைப் பற்றி. ஆனால் 'வலவன் ஏவா' என்ற தொடர் அழகானது. புது ரயிலுக்கு யாராவது பெயர் சூட்டக் கேட்டால் இதைக் கொடுக்கலாம். நடைமேடை அறிவிப்புப் பலகைக்கு மட்டும் வேண்டாம், படித்துப் புரிவதற்குள் கதவு மூடிவிடும்.

அப்புறம் எழுத்து. ஓட்டுநர் என்பதே சரி, ஓட்டுனர் அல்ல. ஓட்டு என்பதோடு நர் விகுதி சேர்கிறது; இயக்குநர், பெறுநர், அனுப்புநர் எல்லாம் அதே வகை.