"சரிபார்க்க வேண்டாம்" என்று யார் போட்டது?

பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு மாமாக் கடையின் மேல்மாடியில் இயங்கும் சிறு மென்பொருள் நிறுவனத்துக்குப் போன மாதம் போயிருந்தேன். பில்ட், அதாவது மூலநிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டும் வேலை, ஆமை வேகத்தில் ஓடுகிறது, வந்து பாருங்கள் என்றார்கள். காரணம் சாதாரணம்தான்: டிஸ்க் நிரம்பியிருந்தது. மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி டாக்கர்; அந்தப் பெட்டியின் அச்சுதான் இமேஜ். பழைய டாக்கர் இமேஜ்களை அழித்ததும் சரியாகிவிட்டது. தே தாரிக் ஆறுவதற்குள் வேலை முடிந்தது என்று நினைத்தபோதுதான், பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் மென்பொருளின் அமைப்புகளில் வேறொன்று கண்ணில் பட்டது. ஜென்கின்ஸ் சொல்லும் வேலையைச் செய்யும் இயந்திரம்தான் ஏஜெண்ட்; அது தன்னை யாரென்று நிரூபிக்கும் சாவி ஹோஸ்ட் கீ. அவர்களுடைய எல்லா ஏஜெண்டுகளிலும் அந்த ஹோஸ்ட் கீ சரிபார்ப்பு அணைக்கப்பட்டிருந்தது.

"யார் தம்பி இதைப் போட்டது?"

"நான்தான் அண்ணே. அதைப் போடாட்டி, கண்டெய்னர் புதுசா ஏறும்போதெல்லாம் கனெக்ட் ஆக மாட்டேங்குது."

தம்பியைக் குறை சொல்ல முடியாது. நான் பார்த்த பல இடங்களில் இதே கதைதான். ஜென்கின்ஸின் தலைமை சர்வரான கன்ட்ரோலர், எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாக ஏஜெண்டுக்குள் போய், ஒரு சிறிய ஜார் கோப்பை அங்கே வைத்து, ஜாவாவால் அதை ஓடவிட்டு, பிறகு வேலைகளை அனுப்புகிறது. ஏஜெண்ட் என்பது மேசைக்கடியில் கிடக்கும் ஓர் இயந்திரமாக இருந்த காலத்தில் அதன் ஹோஸ்ட் கீ ஆண்டுக்கணக்கில் மாறாது. கண்டெய்னரோ ஒரே நாளில் பலமுறை செத்துப் பிறக்கிறது. ஒவ்வொரு பிறவிக்கும் புதிய கீ. "நேற்றுப் பார்த்த ஆள் நீ இல்லையே" என்று கன்ட்ரோலர் கதவைச் சாத்துகிறது. அது செய்வது சரிதான். மாலைக்குள் ரிலீஸ் போயாக வேண்டிய ஒருவருக்குத்தான் அது இடைஞ்சலாகத் தெரிகிறது.

(பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த என் மாமாவிடம் நான் கண்டெய்னர்களோடு வேலை செய்கிறேன் என்று சொன்னபோது, "எந்தக் கப்பல்?" என்று கேட்டார். அவருடைய பெட்டிகளுக்காவது ஒவ்வொன்றின் மேலும் தனித்தனி எண் எழுதியிருக்கும்.)

சரிபார்ப்பை அணைத்தால் என்ன போகும்? ஏஜெண்டுக்குள் நுழைய நாம் பயன்படுத்தும் தனிச்சாவி திருடு போகாது. சாவி வைத்து உள்நுழையும்போது போடப்படும் கையெழுத்து அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமே செல்லும். இணைப்பின் நடுவில் புகுந்து நிற்பவர் அதை உண்மையான ஏஜெண்டிடம் கொண்டுபோய்க் காட்ட முடியாது. இதைத் தெரிந்தவர்களே "அப்போ பயமில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அவர் உண்மையான ஏஜெண்டிடம் போக வேண்டிய அவசியமே இல்லை. தானே ஏஜெண்ட் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். மூலநிரல், கிளவுட் டோக்கன், கையெழுத்துச் சான்றிதழ் என்று பில்டுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஜென்கின்ஸே அவர் கையில் கொடுத்துவிடும். கன்சோலில் கடவுச்சொல்லை நட்சத்திரக் குறியிட்டு மறைப்பது இதைத் தடுக்காது.

இதற்கு நேரெதிர்த் தப்பும் உண்டு. 2025 ஏப்ரலில் ஜென்கின்ஸ் திட்டம் ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது; எண் சிவிஇ-2025-32754. அவர்களுடைய அதிகாரபூர்வ எஸ்எஸ்ஹெச் ஏஜெண்ட் இமேஜில், 6.11.1 வரையிலான டெபியன் வகைகளில், ஹோஸ்ட் கீ இமேஜ் தயாராகும்போதே உருவாகிவிட்டிருந்தது. ஆக, அதே பதிப்பை இறக்கிய எல்லோருடைய கண்டெய்னருக்கும் ஒரே கீ. ஊரில் எல்லோர் கையிலும் ஒரே எண் போட்ட மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) இருந்தால் எப்படி? இமேஜைப் பதிவிறக்கும் யாரும் அந்தக் கீயை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், சரிபார்ப்பை ஒழுங்காகப் போட்டு வைத்திருந்தவர்களுக்கும் பயனில்லை. 6.11.2இல் இது திருத்தப்பட்டது. எஸ்எஸ்ஹெச்-ஸ்லேவ் என்ற பழைய இமேஜ் கைவிடப்பட்டுவிட்டது; அதை இன்னும் ஓட்டுகிறவர்கள் மாறிக்கொள்ளத்தான் வேண்டும்.

அன்று நாங்கள் செய்தது ஒரு மணி நேர வேலை. ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் தனித்தனியாக இடி25519 வகை ஹோஸ்ட் கீ ஒன்றை உருவாக்கி, சர்வரிலேயே வைத்துக்கொண்டோம். கண்டெய்னர் ஏறும்போது அந்தக் கோப்பு மட்டும் படிக்க மட்டுமேயான மவுண்டாக, அதாவது சர்வரில் இருந்தபடியே உள்ளேயும் தெரியும்படி, போகும். கண்டெய்னர் எத்தனை முறை செத்தாலும் அடையாளம் அப்படியே இருக்கும். கோப்பின் உரிமையாளர் ரூட் என்ற நிர்வாகக் கணக்கு, அனுமதி 600; அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம். இதில் தளர்ச்சி இருந்தால் எஸ்எஸ்ஹெச் சர்வர் அந்தக் கீயை ஏற்காது. பிறகு அதன் பொதுப்பகுதியை ஜென்கின்ஸில் ஏஜெண்டின் பக்கத்தில் கையால் ஒட்டினோம். தம்பி இதற்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதப் பார்த்தார்: நெட்வொர்க் வழியாகக் கீயைக் கேட்டு, வந்ததை அப்படியே பதிந்துகொள்ளும் ஸ்கிரிப்ட். வேண்டாம் என்றேன். யாரென்று தெரியாத ஆளிடமே "நீ யார்" என்று கேட்டு, அவர் சொன்ன பெயரை எழுதி வைப்பது போன்றது அது.

ஃபயர்வால் விஷயம் இன்னும் மோசமாக இருந்தது. யூஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வாலில், ஏஜெண்டுக்கான நெட்வொர்க் வாசலான 2222ஆம் போர்ட்டை மூடியிருக்கிறோம் என்று உறுதியாகச் சொன்னார்கள். வீட்டிலிருந்த ஒரு சக ஊழியரை இணைக்கச் சொன்னேன். இணைந்துவிட்டது. டாக்கரில் போர்ட்டைத் திறக்கும்போது டாக்கரே ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் பாக்கெட் வடிகட்டியில் விதிகளை எழுதிவிடும். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகள் யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் வாசலுக்கே வருவதில்லை. போர்ட்டை உள் நெட்வொர்க்கின் ஐபி முகவரியோடு கட்டி வைத்தோம். முகவரி குறிப்பிடாவிட்டால் உலகத்துக்கே திறந்த வீடுதான்.

டாக்கருக்குக் கட்டளையிடும் வழியான டாக்கர் சாக்கெட்டை ஏஜெண்டுக்குள் மவுண்ட் செய்திருந்ததையும் எடுக்கச் சொன்னேன். சாக்கெட் கையில் இருந்தால் சர்வரின் ரூட் கையில் இருப்பதாகத்தான் பொருள். முணுமுணுத்தார்கள், இமேஜ் கட்டும் வேலைக்குத் தனி சர்வர் ஒதுக்கும்வரை அது அப்படியே இருக்கிறது.

சொந்தமாக இமேஜ் கட்டுகிறவர்களுக்கு ஒரு துணுக்கு. டாக்கருக்குக் கொடுத்த சூழல் மாறிகள் (ஜாவா எங்கே இருக்கிறது என்பது போன்ற விவரங்கள்) எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைகிறவருக்குத் தானாகப் போய்ச் சேராது. ஜாவா இருந்தும் "ஜாவா இல்லை" என்று வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி கூப்பிட்டார். "அண்ணே, மூணாவது ஏஜெண்ட் கனெக்ட் ஆகல. கீ மாறியிருக்குன்னு சொல்லுது."

"சரிபார்க்க வேண்டாம்னு ஆப்ஷனை மாத்திட்டீங்களா?"

"இல்லண்ணே, உங்களைக் கேக்கலாம்னு."

ஜென்கின்ஸ் காட்டும் கீயின் கைரேகையை (அதன் சுருக்க அடையாளத்தை) சர்வரில் உள்ள கீயோடு ஒப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். பொருந்தவில்லை. கடைசியில், கண்டெய்னர்கள் எப்படி ஏற வேண்டும் என்று எழுதியிருக்கும் கம்போஸ் கோப்பை யாரோ திருத்தியபோது மவுண்ட் வரியும் சேர்ந்து அழிந்திருந்தது. அந்த வரியைத் திரும்பச் சேர்த்ததும் ஏஜெண்ட் ஏறிவிட்டது.