இன்சுலின் ‘எதிர்ப்புச் சக்தி’ என்றொரு சக்தி இல்லை

‘நகர்ப்புற மக்களிடம் இன்சுலின் எதிர்ப்புச் சக்தியும் உள்வீக்கமும் அதிகரித்து வருகின்றன’ என்று அச்சிட்ட துண்டறிக்கை ஒன்று கீழக்கரையில் நடந்த சர்க்கரை நோய் முகாமில் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்ட முதியவர் ஒருவர், “எதிர்ப்புச் சக்தி கூடுதுன்னா நல்லதுதானம்மா, கொரோனா நேரத்துல அதுக்குத்தானே கபசுரக் குடிநீரைக் குடிக்கச் சொன்னீக?” என்று செவிலியரிடம் கேட்டார். அவர் தமிழைச் சரியாகவே புரிந்துகொண்டார்; எழுதியவர்தான் தமிழில் யோசிக்கவில்லை.

அவர் மொழிபெயர்க்க முயன்றது ‘இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரை. அதன் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்சுலின் என்பது தீவைக் குறிக்கும் ‘இன்சுலா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கணையத்தில் தனித்தனியே கிடக்கும் செல் கூட்டங்களை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் கண்டார். நம் பாடநூல்கள் அவற்றைத் ‘திட்டுகள்’ என்கின்றன. தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளை அறிந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதன் லத்தீன் வேர், இடம் பெயராமல் நிற்பதையும் குறிக்கும்.

உடலில் நடப்பதும் அதுதான். உணவு உண்டபின் கணையம் சுரக்கும் இன்சுலின், தசை, கொழுப்புத் திசு, கல்லீரல் ஆகியவற்றின் செல்களிலுள்ள ஏற்பிகளில் பொருந்துகிறது. தசையும் கொழுப்பும் குளுக்கோசை உள்ளே எடுத்துக்கொள்ள, கல்லீரல் தான் குளுக்கோசை வெளிவிடுவதைக் குறைக்கிறது. இந்த ஆணைக்குச் செல்கள் மந்தமாகப் பணியத் தொடங்கினால், கணையம் மேலும் மேலும் சுரந்து சில ஆண்டுகள் சமாளிக்கிறது. அந்தக் காலமெல்லாம் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும், இன்சுலின் அளவு மட்டும் மிகுந்திருக்கும். கணையம் ஓய்ந்த பிறகே சர்க்கரை ஏறும்.

இதனை ‘எதிர்ப்பு’ என்பது ஏன் பொருந்தாது? வரி எதிர்ப்பு, மது எதிர்ப்பு, நோய் எதிர்ப்பு என்று நாம் சொல்லும் தொடர்களிலெல்லாம் எதிர்க்கப்படுவது தீயது என்றோ வேண்டாதது என்றோ ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. இன்சுலினோ உயிர் காப்பது. அதனுடன் ‘சக்தி’யையும் ஒட்டிவிட்டால் குறைபாடு வரமாகிவிடுகிறது. ‘தடுப்பாற்றல்’ என்று எழுதுவோரும் தனித்தமிழில் அதே தவற்றையே செய்கிறார்கள். வடசொல்லை நீக்கிவிட்டால் பொருளும் தானே நேராகிவிடும் என்ற நம்பிக்கை பொய் என்பதற்கு இது நல்ல சான்று.

மின்தடையை நினைத்துக்கொண்டு ‘இன்சுலின் தடை’ என்று எழுதுவோர் இன்னொரு கூட்டம். இயற்பியல் வகுப்பில் அது செல்லும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கும் மண்டபத்திலும் பாம்பனிலும் ‘தடை’ என்றால் அரசு போட்டது, மீறக்கூடாதது. ‘உங்களுக்கு இன்சுலின் தடை இருக்கிறது’ என்று ஒருவரிடம் சொன்னால், இனி ஊசி போடக்கூடாது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். நாள்தோறும் இன்சுலின் ஊசியால் காலம் தள்ளுபவர் அதைத் தாமே நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒருகணமாவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

என் தேர்வு ‘இன்சுலின் இணக்கக்குறைவு’; பேச்சில் ‘இன்சுலினுக்கு உடம்பு இணங்கலை’ என்றாலே போதும். குற்றம் இன்சுலினிடம் இல்லை, உடலின் பணிவில் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. இந்நிலை படிப்படியாகக் கூடுவது, குறையவும் கூடியது என்பதால், முழு மறுப்பைச் சொல்லும் ‘இணங்காமை’யை விடக் ‘குறைவு’ நுட்பமானது. நடையும் எடைக்குறைப்பும் எதை மேம்படுத்துகின்றன என்று சொல்ல ‘இன்சுலின் இணக்கம்’ என்ற இணைச்சொல்லும் கையோடு கிடைக்கிறது. ‘ஏற்காமை’ என்பாரும் உண்டு. அதை ஒவ்வாமையோடு குழப்பிக்கொள்வார்கள்.

அடுத்தது ‘உள்வீக்கம்’. மூலச்சொல்லான ‘இன்ஃப்ளமேஷன்’ என்பதன் வேர் தீச்சுவாலை. அழல் என்பதிலிருந்து வந்த ‘அழற்சி’ அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ரோமானியரான செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். நான்கில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முழுமைக்கும் பெயரிடலாமா? அதிலும் இங்கே பேசப்படும் மெல்லிய, நாட்பட்ட அழற்சியில் இந்த நான்கில் எதுவும் வெளியே தெரிவதில்லை, சி.ஆர்.பி. போன்ற இரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். வீக்கம் என்று படித்தவர் தம் கணுக்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்.

இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் மிகுந்து, இன்சுலினின் செயலை மழுக்குவதை 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. நம்மவர்க்குக் கொழுப்பு வயிற்றில் சேரும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவே எல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கில் நீரிழிவு நகர்ப்புறத்தில் 16.4 விழுக்காடு, ஊரகத்தில் 8.9 விழுக்காடு. பிடரி கறுத்துத் தடிப்பதை அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பவர்களுக்கு, அது இணக்கக்குறைவின் அறிகுறியாக இருக்கலாம் என்பதை எடுத்துச்சொல்ல ஒரு துண்டறிக்கைக்கு இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரிக்கு இடமில்லாமல் ‘போக்குகள்’, ‘மக்கள்தொகைசார்’ என்று பக்கத்தை நிரப்புகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில செய்தித்தாள்கள் ஒலி நெருக்கத்தை நம்பி அலர்ஜியையே அழற்சி என்று எழுதுகின்றன. அலர்ஜிக்கு ஒவ்வாமை என்ற நல்ல சொல் இருக்கையில், அழற்சியை அங்கே செலவழித்துவிட்டால், மருத்துவர் ‘அழற்சி இருக்கிறது’ என்று எழுதித் தரும் நாளில் நோயாளி மருந்துக்கடையில் போய்த் தும்மல் மாத்திரை கேட்பார்.