மறுதேர்வில் மதிப்பெண் எப்படி உயர்கிறது?

தரப்படுத்தப்பட்ட தேர்வு ஒன்றில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மதிப்பெண் வந்துவிட்டால், சிலர் அந்த எண்ணையே தங்கள் அறிவின் எல்லையாக எடுத்துக்கொண்டு தளர்ந்துபோகிறார்கள். வேறு சிலர் அன்றைய நாள் சரியில்லை என்று சொல்லிவிட்டு, அதே புத்தகத்தை அதே முறையில் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்குகிறார்கள். மதிப்பெண் என்பது ஓர் அளவீடு என்பதையும், எல்லா அளவீடுகளையும் போல அதற்கும் பிழை வரம்பு உண்டு என்பதையும் இரு தரப்பினருமே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மறுதேர்வுக்கான தயாரிப்பு இந்தப் பிழை வரம்பைப் புரிந்துகொள்வதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒருவர் பெறும் மதிப்பெண்ணில் அவருடைய உண்மையான திறனும் தற்செயலான ஏற்ற இறக்கமும் கலந்திருக்கின்றன என்னும் கருத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சார்லஸ் ஸ்பியர்மேன் என்ற உளவியலாளர் கணித வடிவில் முன்வைத்தார். இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியது என்பதை எளிய கணக்கு ஒன்றால் பார்த்துவிடலாம். ஒவ்வொரு வினாவுக்கும் சரியாக விடையளிக்க 70 சதவீத வாய்ப்புள்ள ஒருவர் 50 வினாக்கள் கொண்ட தாளை எழுதுகிறார் என்று கொள்வோம். அவரிடம் சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது 35 சரியான விடைகள். ஆனால் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 3-ஐச் சற்றுத் தாண்டுகிறது. அதாவது, திறன் துளிகூட மாறாமல் ஒரு நாள் 32-ம் இன்னொரு நாள் 38-ம் வாங்குவது வியப்புக்குரிய செய்தியே இல்லை. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 200 முதல் 800 வரையுள்ள பிரிவு மதிப்பெண்ணைச் சுற்றி இரு பக்கமும் சுமார் 30 புள்ளிகளை வரம்பாகக் காட்டுவதும் இதே காரணத்தால்தான். அந்த வரம்பைப் படித்துப் பார்க்கும் மாணவர்கள் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

இதிலிருந்து சங்கடமான ஒரு முடிவு பிறக்கிறது. வழக்கமான தரத்துக்கு மிகவும் கீழே ஒருவர் மதிப்பெண் வாங்கியிருந்தால், அந்த வீழ்ச்சியில் ஒரு பங்கு தற்செயலாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே அடுத்த முறை அவர் எதுவும் செய்யாவிட்டாலும் மதிப்பெண் சற்று உயரக்கூடும். 1886-இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டு விளக்கிய, சராசரியை நோக்கித் திரும்பும் போக்குதான் இது. இடையில் மாற்றிய பயிற்சி மையம், புதிய புத்தகம், நேர்த்திக்கடன் என எல்லாமே இந்த உயர்வுக்கு உரிமை கொண்டாடும். இதோடு, தேர்வின் அமைப்பு பழகிப்போவதால் வரும் சிறு உயர்வும் உண்டு. அறிவுத்திறன் தேர்வுகளை மீண்டும் எழுதியோர் பற்றிய ஐம்பது ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான பகுப்பாய்வு, இரண்டாம் முறையில் ஏறத்தாழ கால் திட்ட விலக்க அளவுக்கு மதிப்பெண் உயர்வதாகக் கண்டது. பயிற்சியும் சேர்ந்தபோது உயர்வு அதிகமாக இருந்தது. மாணவர்கள் வேண்டுவது பெரும்பாலும் கால் திட்ட விலக்கத்தைவிட அதிகம். அந்த மிச்சத்தைக் கற்றலால்தான் ஈட்ட வேண்டும்.

எதைக் கற்பது என்பதற்கான தடயங்கள் தவறிய விடைகளில் இருக்கின்றன. பலர் தவறுகளைப் பாடவாரியாக எண்ணி, இயற்கணிதத்தில் ஐந்து, வடிவியலில் மூன்று என்று பட்டியல் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் பெரிய பயனில்லை. ஒவ்வொரு தவறும் எந்த இடத்தில் நேர்ந்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "2x + 3 = 11 எனில் 2x − 1 இன் மதிப்பு என்ன?" என்ற வினாவை எடுத்துக்கொள்வோம். மாணவர் x = 4 என்று சரியாகக் கண்டுபிடித்து, விடைத் தெரிவுகளில் 4 இருப்பதைப் பார்த்ததும் அதையே குறித்துவிடுகிறார். சரியான விடை 7. வினா தயாரிப்பவர்கள் 4 என்ற எண்ணை அங்கே வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள். பாதி வழியில் நின்றுவிடுபவர் எந்த எண்ணோடு நிற்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த மாணவர் மேலும் நூறு சமன்பாடுகளைத் தீர்த்தாலும் இந்தத் தவறு நீங்காது. கேட்கப்பட்டது எது என்பதை விடை குறிப்பதற்கு முன் மீண்டும் ஒருமுறை பார்க்கும் பழக்கம்தான் அவருக்குத் தேவை.

இப்போது வேறொரு வினா. ஒரு பொருளின் விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் மொத்தத்தில் என்ன மாற்றம்? மாற்றமில்லை என்று குறித்தவர், முன்னதைப் போலவே இதையும் கவனக்குறைவு என்று எழுதி வைப்பார். உண்மையில் 100 என்பது 120 ஆகி, அந்த 120-இல் 20 சதவீதமான 24 குறைந்து 96-இல் வந்து நிற்கிறது. இழப்பு 4 சதவீதம். இரண்டாவது சதவீதம் வேறோர் அடிப்படையின் மீது கணக்கிடப்படுகிறது என்னும் கருத்தே அவருக்குத் தெளிவாகவில்லை. இது பாடத்தில் உள்ள ஓட்டை. எத்தனை முறை நிதானமாகப் படித்தாலும் அதே விடைதான் வரும். ஆகவே தவறுகளுக்கென்று வைத்திருக்கும் குறிப்பேட்டில் 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்குத் தடை போடுவது நல்லது. கருத்து தெரியவில்லையா, தெரிந்தும் இந்த வினாவுக்கு அது பொருந்தும் என்று தோன்றவில்லையா, வினாவைத் தவறாகப் படித்ததா, நேரம் போதாமல் ஊகித்ததா என்று எழுத வேண்டும். ஊகித்துச் சரியாகிப்போன வினாக்களும் அந்தக் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும். மதிப்பெண் பட்டியல் அவற்றை மறைத்துவிடுகிறது.

விடை எழுதும்போது தனக்கு இருந்த உறுதியையும் பக்கத்தில் குறித்துவைத்தால் இன்னொரு நன்மை கிடைக்கிறது. மிகுந்த உறுதியோடு தவறான விடையளித்தவர்கள், சரியான விடையை அறிந்த பிறகு, அரைமனதாகச் செய்த தவறுகளைவிட அத்தகைய தவறுகளை எளிதாகத் திருத்திக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எதிர்பாராத அதிர்ச்சி கவனத்தை இழுத்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

தவறு எது என்று தெரிந்தபின், அதை எப்படிப் பயில்வது என்ற கேள்வி எழுகிறது. இங்கே மனித மனம் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறது. 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் செய்த சோதனையில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினர்: 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 சதவீதத்தையும், மறுபடி படித்தவர்கள் 42 சதவீதத்தையும் நினைவில் வைத்திருந்தனர். மறுவாசிப்பின்போது வரிகள் பழக்கமானவையாகத் தோன்றுவதை மனம் 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. தேர்வுக் கூடத்திலோ அந்த வரிகள் கண்முன் இருப்பதில்லை. நினைவிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும் செயலே அந்த நினைவை வலுப்படுத்துகிறது என்பதால், புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது சோதனையாகவும் பயிற்சியாகவும் ஒருங்கே அமைகிறது.

கணித வினாக்களைப் பொறுத்தவரை இதைவிடக் கூர்மையான சான்று ஒன்று உண்டு. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைத் திண்மங்களின் கனஅளவைக் காணும் பயிற்சி இரு விதமாகத் தரப்பட்டது. ஒரு குழு ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குச் சென்றது. மற்றது எல்லா வகைகளையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது வகைவாரியாகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாக விடையளித்தனர்; கலந்து செய்தவர்கள் 60 சதவீதமே. ஒரு வாரத்துக்குப் பின் நடந்த தேர்வில் முதற்குழு 20 சதவீதத்துக்குச் சரிந்தது. கலந்து செய்தவர்கள் 63 சதவீதம் பெற்றனர். அத்தியாயத்தின் முடிவிலுள்ள இருபது கணக்குகளும் ஒரே சூத்திரத்தில் அடங்கும்போது, எந்தச் சூத்திரம் என்று முடிவெடுக்கும் வேலையே மாணவருக்கு இருப்பதில்லை. தேர்வு சோதிப்பதோ பெரும்பாலும் அந்த முடிவைத்தான். வீட்டில் எல்லாக் கணக்கும் வந்ததே, தேர்வில் மட்டும் ஏன் வரவில்லை என்று புலம்பும் மாணவருக்கான பதிலில் பெரும்பகுதி இந்த ஆய்விலேயே இருக்கிறது.

காலத்தைப் பகிர்ந்து படிப்பதன் பயனை 1885-இலேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்மீதே செய்த நினைவாற்றல் சோதனைகளில் கண்டார். தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதற்கேற்ப மீள்பார்வைக்கான இடைவெளியும் நீள வேண்டும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின: தேர்வு ஒரு வாரத்தில் என்றால் ஓரிரு நாள் இடைவெளி பொருந்தும், மாதங்கள் இருக்குமானால் வாரக் கணக்கில் இடைவெளி விடலாம். நடைமுறையில், இன்று தவறிய ஒரு வினாவை விடையைப் பார்த்த கையோடு மீண்டும் செய்வதால் அதிகம் கிடைக்காது. சில நாட்கள் கழித்து, வேறு வினாக்களுக்கு நடுவே, விளக்கம் எதுவும் பாராமல் செய்து பார்க்க வேண்டும்.

தேர்வறை உத்திகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாது என்ற நம்பிக்கை பரவலானது. ஆனால் 2005-இல் ஜஸ்டின் குரூகரும் உடன் ஆய்வாளர்களும் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை ஆராய்ந்தபோது, தவறிலிருந்து சரிக்கு மாறியவை 51 சதவீதம், சரியிலிருந்து தவறுக்கு மாறியவை 25 சதவீதம் என்று தெரிந்தது. சரியான விடையை மாற்றிக் கெடுத்தது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் அந்த நம்பிக்கை நிலைக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்காத தேர்வுகளில் எந்த வினாவையும் காலியாக விடக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: இரண்டு வாரம் தொடர்ந்து இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனத்திறன், இரண்டு இரவுகள் வரை தூங்காதவர்களுடையதற்கு ஒப்பாகச் சரிந்ததாக 2003-இல் வெளியான ஆய்வு கண்டது, தாங்கள் அந்த அளவுக்குச் சரிந்திருப்பதை அவர்கள் உணரவுமில்லை.

எளிதான தாள் வரும் மாதம் பார்த்து மறுதேர்வுக்கு விண்ணப்பிப்பதில் பொருளில்லை. சரியான விடைகளின் எண்ணிக்கை அப்படியே மதிப்பெண்ணாவதில்லை. தாள்களுக்கிடையேயுள்ள கடினத்தன்மை வேறுபாட்டைச் சரிசெய்த பிறகே அது அளவுகோலுக்கு மாற்றப்படுகிறது. எஸ்.ஏ.டி., முதுநிலைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. போன்ற கணினித் தேர்வுகளில் முதல் பகுதியின் செயல்பாட்டைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினத்தன்மை அமைகிறது. ஆகவே அங்கே தொடக்கத்திலுள்ள நடுத்தர வினாக்களைச் சிந்தாமல் செய்யும் பயிற்சிக்கு, மிகக் கடினமான வினாக்களைத் துரத்துவதைவிட அதிக மதிப்பு உண்டு.

மறுதேர்வு எழுதும் தகுதி வந்துவிட்டதா என்பதையும் அளந்தே முடிவு செய்யலாம். இதுவரை பார்த்திராத முழுநீள மாதிரித் தேர்வுகள் மூன்றை, வெவ்வேறு நாட்களில், உண்மையான கால அளவோடு, இடையில் எழாமல் எழுத வேண்டும். ஏற்கெனவே செய்த வினாக்கள் கலந்துவிட்டால் அந்த எண் பொய்யாகிவிடும். மூன்றில் மிக உயர்ந்ததையே தன் மதிப்பெண்ணாகக் கருத ஆசை எழும். ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டியது சராசரியை. மூன்றின் சராசரியில் தற்செயலான ஏற்ற இறக்கம் ஒற்றைத் தேர்வில் இருப்பதைவிட ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைந்துவிடுகிறது. அந்தச் சராசரி பழைய மதிப்பெண்ணைப் பிழை வரம்புக்கும் மேலாகத் தாண்டி, தேவையான இலக்கை எட்டியிருந்தால் விண்ணப்பிக்கலாம். வரம்புக்குள்ளேயே இருக்குமானால், இதுவரை செய்த தயாரிப்பு திறனில் மாற்றம் கொண்டுவந்ததற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை என்று பொருள். அப்போது தேர்வுத் தேதியைத் தள்ளிவைத்து, குறிப்பேட்டில் எந்த வகைத் தவறு இன்னமும் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பதே சரி.