சைபர்புல்லியிங்: இணையவழித் துன்புறுத்தல்

இணையத்தில் ஒருவரை வதைப்பதை ஆங்கிலத்தில் சைபர்புல்லியிங் என்கிறார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல்வது, அதைக் கணினியைக் கொண்டு எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போம். 'சைபர்' என்பது 1948-இல் நார்பர்ட் வீனர் பெயர்சூட்டிய சைபர்னெட்டிக்ஸ் துறையிலிருந்து வெட்டியெடுத்த துண்டு. அதன் கிரேக்க வேருக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். 'புல்லி'யின் கதை இன்னும் விநோதம்: 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது அன்புக்குரியவரைக் கூப்பிடும் செல்லச் சொல். எளியோரை வதைப்பவர் என்ற பொருள் பிற்பாடு ஏறியது.

தமிழில் 'இணைய மிரட்டல்' என்று எழுதுகிறார்கள். கேலியும் ஒதுக்கிவைப்பதும் மிரட்டல் ஆகாதே. 'வன்கொடுமை' என்றால் இந்தியச் சட்டப்பொருள் குறுக்கே வரும். 'பகிடிவதை'யை இலங்கைத் தமிழ் ராகிங்குக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. 'இணையவழித் துன்புறுத்தல்' பொருந்துகிறது.

உளவியலாளர் டான் ஓல்வேயுஸ் பள்ளிக் கொடுமைக்கு மூன்று கூறுகள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, வலுவில் ஏற்றத்தாழ்வு இருப்பது. இதைக் கணினி தானே கண்டுபிடிக்க, எடுத்துக்காட்டுகளைக் காட்டிப் பழக்கும் முறைதான் இயந்திரக் கற்றல். அது பெரும்பாலும் இடறுவது இரண்டாவதில்தான். அப்படிப் பழக்கிய நிரல்களான மாதிரிகள் பலவும் ஒற்றைப் பதிவை வாசித்து 'வசை', 'வசையல்ல' என்று பிரிப்பதோடு நின்றுவிடுகின்றன. "நீ இன்னும் இங்கதான் இருக்கியா?" என்பதில் வசைச்சொல் ஏதுமில்லை. அதையே பத்துப் பேர் ஒருவரின் ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதினால் அது துன்புறுத்தல். நண்பர்களுக்குள் புழங்கும் கெட்டவார்த்தையோ அப்படியல்ல. ஆகவே யார், யாருக்கு, எத்தனை நாளில் எத்தனை முறை எழுதினார் என்பதையும் உள்ளீடாகத் தரவேண்டும்.

மாதிரியைப் பழக்கும் தரவில் எது துன்புறுத்தல், எது இல்லை என்று குறியிடும்போது ஒவ்வொரு உரையாடலையும் குறைந்தது மூவர் தனித்தனியே பார்ப்பது நல்லது. அவர்களுக்குள் உடன்பாடு குறைந்தால், மாதிரியைக் குறைசொல்லுமுன் வரையறையைத் திருத்துங்கள். ஒரே ஆளின் பதிவுகள் மாதிரியைப் பழக்கும் பயிற்சித் தொகுப்பிலும் அதைச் சரிபார்க்கும் சோதனைத் தொகுப்பிலும் கலந்தால், மாதிரி வசவைக் கற்காமல் ஆளை மனப்பாடம் செய்துவிடும்.

ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ் தனித் தலைவலி. ஒரே வசைக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல். வடிகட்டியை ஏய்க்க நடுவில் புள்ளியும் உடுக்குறியும் (*) வேறு. முழுச்சொல்லை நம்பாமல் 3 முதல் 5 எழுத்துத் துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தால் ஓரளவு பிடிபடும். ஏராளமான உரையைப் படித்துப் பழகிய பெர்ட் (BERT) வகை மொழி மாதிரிகளும் இத்தகைய எழுத்தைப் பயிற்சியில் பார்த்திராவிட்டால் திணறும்.

'95 விழுக்காடு துல்லியம்' என்று யாராவது சொன்னால் மயங்கவேண்டாம். நூறு பதிவில் ஐந்துதான் துன்புறுத்தல் என்றால், எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று சொல்லும் மாதிரிக்கும் அதே 95 கிடைக்கும். அந்த ஐந்தில் எத்தனை சிக்கின, பிடித்தவற்றில் எத்தனை பொய்க்குற்றம் என்று தனித்தனியே கேளுங்கள்.