பாஸ்க்: வெயில் காய்தலா, திளைத்தலா?

ஆற்றோரப் பாறையில் ஒரு முதலை அசையாமல் கிடக்கிறது. அது செய்வதை ஆங்கிலத்தில் ‘பாஸ்க்’ என்பார்கள். இதமான சூட்டை உடம்பில் வாங்கிக்கொண்டு சுகமாகக் கிடப்பது என்று பொருள். இதைச் சிலர் ‘சூரிய ஒளியில் குளிக்கிறது’ என்று தமிழாக்குகிறார்கள். எதற்கு இந்தச் சுற்று? ‘வெயில் காய்கிறது’ என்றால் போதும். தன் உடம்புக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்து பெறும் முதலை, ஆமை, ஓணான் எல்லாவற்றுக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஆனால் வேரைத் தேடிப் போனால் அங்கே குளியல்தான் இருக்கிறது! வட ஐரோப்பாவில் முன்பு வழங்கிய பழைய நோர்ஸ் மொழியில் ‘குளித்துக்கொள்’ என்று பொருள்படும் வினையிலிருந்து இது வந்திருக்கலாம் என்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், சூடான ரத்தத்தில் புரள்வதற்குக்கூட இந்தச் சொல் வந்திருக்கிறது. 1600ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் தம் நாடகம் ஒன்றில் வெயிலில் படுத்துக் கிடப்பவனுக்கு இதைப் பயன்படுத்தினார். அப்புறம் அந்தப் பொருளே நிலைத்துவிட்டது.

நம் ‘காய்’ என்ற வினையும் அழகானது. காய்ச்சல், காய்ச்சுதல் எல்லாம் அதன் உறவுகள். குளிர் போக நெருப்பருகே காய்வது குளிர்காய்தல். அரசரோடு பழகுவோர் ‘அகலாது அணுகாது தீக்காய்வார்’ போல இருக்க வேண்டும் என்கிறது 691ஆம் குறள். விலகினால் குளிரும், நெருங்கினால் சுடும். அங்கே அந்தச் சொல்லில் எந்தக் களங்கமும் இல்லை. இன்றைக்கோ, பற்றி எரியும் வீட்டில் குளிர்காய்கிறான் என்று சொல்லிச் சொல்லி, உருவகமாக வரும்போது அது வசையாகிவிட்டது.

அதனால்தான் ‘பாஸ்க்’ புகழோடு சேர்ந்து வரும் இடங்களில் கவனம் வேண்டும். வெற்றி பெற்ற வீராங்கனை பாராட்டில் குளிர்காய்கிறார் என்று எழுதினால் அவரைப் பழித்ததாகிவிடும். அங்கே ‘திளைக்கிறார்’ என்பதே சரி. திளைத்தலுக்கு நீரில் மூழ்கி விளையாடுதல் என்ற பொருளும் உண்டு. குளியலில் பிறந்த ஆங்கிலச் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடைக்காது.

அண்ணன் சம்பாதித்த பேரைச் சொல்லித் தம்பி சலுகை தேடுகிறானா? சரி, அங்கே தாராளமாகக் ‘குளிர்காய்கிறான்’ என்று எழுதலாம்.